பழைய உறையில் கிடைத்த எஸ்க்ரோ செக்: பணம் இன்னும் வருமா?

கேள்வி: டெக்சஸ் ப்ளேனோவில் இருந்த வீட்டை 2017-ல் விற்றுவிட்டு நானும் கணவரும் நியூ ஜெர்சிக்கு வந்தோம். கணக்குவழக்கெல்லாம் அவர்தான் பார்ப்பார். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய ஃபைல்களைப் பார்த்தபோது, வீட்டுக்கடன் நிறுவனம் அனுப்பிய 1,846 டாலர் ‘எஸ்க்ரோ ரீஃபண்ட்’ செக் பிரிக்காத உறையில் இருந்தது. இருவர் பெயரும் இருக்கிறது. 90 நாளுக்குப் பின் செல்லாது என்றும் அச்சிட்டிருக்கிறது. ஃபோனில் படமெடுத்து டெபாசிட் செய்து பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். 6 மாதம் தாண்டிய செக்குக்குப் பணம் தர வங்கிக்குக் கடமை கிடையாது. செக் திரும்பினால் உங்கள் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கலாம். அதற்காக அந்தத் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

எஸ்க்ரோ என்பது சொத்து வரிக்கும் வீட்டுக் காப்பீட்டுக்குமாக மாதத் தவணையோடு உங்களிடம் வாங்கி வைத்த பணம். (டெக்சஸில் வருமான வரி இல்லாத குறையைச் சொத்து வரியில் தீர்த்துக்கொள்வார்கள்; இவ்வளவு மிச்சம் நின்றதில் வியப்பில்லை.) கடன் முழுதும் அடைந்தால் 20 வேலை நாட்களுக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அவர்கள் செக் அனுப்பினார்கள், சரி. ஆனால் செக் அனுப்பியதாலேயே பாக்கி தீர்ந்துவிடாது, அது பணமாக வேண்டும். 90 நாள் என்ற வரி அந்தத் தாளுக்குத்தான், உங்கள் உரிமைக்கு அல்ல.

இத்தனை வருடத்தில் பணம் பெரும்பாலும் கடன் நிறுவனத்திடம் இருக்காது. யாரும் கேட்காத பணத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் இது பொதுவாக 3 ஆண்டு. எந்த மாநிலம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீடு இருந்த இடம் கணக்கில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் உங்களுடைய கடைசி முகவரி எதுவோ, அந்த மாநிலம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொன்னது இது. உறையின் மேல் எந்த முகவரி இருக்கிறதென்று பாருங்கள். நியூ ஜெர்சி என்றால் முதலில் அங்கே தேடுங்கள், அப்புறம் டெக்சஸ். யாரும் கேட்காத பணத்துக்கென இரு மாநிலங்களும் வைத்திருக்கும் தளங்களிலும், பல மாநிலங்களைச் சேர்த்துத் தேட உதவும் மிஸ்ஸிங்மணி டாட் காமிலும் தேடுவது இலவசம்.

நம் பெயர்களை எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், இனிஷியல் முன்னே போயிருக்கும், ‘சுப்பிரமணியன்’ நாலு விதமான ஸ்பெல்லிங்கில் இருக்கும். கணவர் பெயரைத் தனியாகவும் தேடுங்கள்.

எங்கும் வரவில்லையென்றால், செக்கோடு ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டில் உள்ள லோன் நம்பரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். செக் பணமாக்கப்பட்டதா, இல்லையென்றால் தொகையை எந்த மாநிலத்துக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். இன்னும் அவர்களிடமே இருந்தால் புதுச் செக் கேளுங்கள். நிறுவனம் கைமாறியிருந்தால் இப்போதைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். கடன் முடிந்து ஓராண்டு தாண்டிய பின் வரும் கடிதத்துக்கு 30 வேலை நாளில் பதில் தர வேண்டிய சட்டக் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதனால் ஒரு கடிதத்தோடு விடாதீர்கள், இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தாலும் கவலைப்பட வேண்டாம். காலம் கடந்தாலும் அந்தப் பணத்தை மாநிலத்திடம் ஒப்படைக்கும் கடமை அவர்களுக்கு உண்டு.

மாநிலத்திடம் உரிமை கோர உங்கள் அடையாள அட்டை, பழைய முகவரிக்கான சான்று, செக்கின் இரு பக்கப் படம், கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். இருவர் பெயரிலும் இருப்பதால் அவர் பங்குக்கும் ஆவணம் கேட்பார்கள். உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவரின் நியமனக் கடிதம். உயில் எழுதாமல் போய், அவர் பெயரில் மட்டும் இருந்த சொத்து 50,000 டாலருக்குள் இருந்தால், உங்கள் கவுன்டியின் சரோகேட் அலுவலகத்தில் (உயில், வாரிசு விவகாரங்களைக் கவனிக்கும் இடம்) மனைவி கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமே நியூ ஜெர்சியில் போதும்.

இதற்கிடையில், ‘உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், இத்தனை சதவீதம் எங்களுக்கு’ என்று யாராவது கடிதம் போடக்கூடும். கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் நிரப்பப் போவதும் நீங்களே இலவசமாக நிரப்பக்கூடிய அதே படிவம்தான்.