அப்பாவின் புல்லட்டை ஸ்கிராம்ப்ளர் ஆக்கலாமா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: அவருடைய அப்பா வைத்திருந்த 1973 மாடல் புல்லட் 350 வீட்டில் இருக்கிறது. அப்பா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. கொல்லிமலைப் பக்கம் மண்பாதையில் வார இறுதியில் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி வண்டியை மாற்ற, அதாவது 'ஸ்கிராம்ப்ளர்' ஆக்க ஆசை. மெக்கானிக் ஒருவர் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்: பின் பக்க ஃபிரேமை வெட்டிச் சுருக்கி ஒற்றை சீட், சேலை கார்டும் பின் மட்கார்டும் எடுத்துவிடுவது, சைலன்சரை மேலே தூக்கி 'ஃப்ரீ ஃப்ளோ' (சத்தத்தை அடக்கும் உள்பாகம் இல்லாத குழாய்) போடுவது, நீளமான ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்கும் கட்டை கட்டையான டயர்), அகல ஹேண்டில்பார், எஞ்சினுக்குக் கீழே தகடு, முடிந்தால் 350-ஐ 500 ஆக்குவது. கேள்விகள் மூன்று. இது சட்டப்படி சரியா? இன்சூரன்ஸ் நிற்குமா? பிறகு 'விண்டேஜ்' (மிகப் பழைய வண்டிக்கான) நம்பர் வாங்க முடியுமா? கூடவே ஒரு வரி: "ரோட்டுக்கே வராமல் எஸ்டேட் பாதையில் மட்டும் ஓட்டினால் யாரும் கேட்க முடியாது என்று தம்பி சொல்கிறான்."

தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன், அவர் சொல்வதைத்தான் பலரும் நம்புகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 39ஆம் பிரிவு, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்திலோ 'வேறு எந்த இடத்திலோ' ஓட்டக்கூடாது என்கிறது. 'வேறு எந்த இடத்திலும்' என்ற அந்த இரண்டு மூன்று சொற்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதோடு 'பொது இடம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள் தார் ரோட்டோடு முடிவதில்லை. மக்களுக்குப் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான், மண்பாதையும் சேர்த்து.

சரி, வண்டியை மாற்றுவது பற்றி. ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கின் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். 52ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகப் போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. அந்த விவரங்கள் என்னென்ன? எஞ்சின் எண், சேசிஸ் எண், சி.சி., சக்கர இடைத்தூரம், எத்தனை பேர் உட்காரலாம், வெற்று எடை, நிறம் இப்படி. அதே பிரிவின் கடைசியில் ஒரு விளக்கமும் இருக்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். நமக்குச் சாதகமான வாதம் ஏதாவது உண்டென்றால் அது இந்த விளக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது பட்டியலைப் பாருங்கள். 500 ஆக்கினால் சி.சி. மாறுகிறது. நீள ஸ்விங் ஆர்ம் போட்டால் சக்கர இடைத்தூரம் மாறுகிறது. ஒற்றை சீட் என்றால் உட்காரும் எண்ணிக்கை மாறுகிறது. ஃபிரேமை வெட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், கட்டமைப்பு என்ற சொல்லே அதற்காக எழுதியது போலிருக்கிறது. இந்த நான்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "செய்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணான மாற்றத்தைப் பதிவு செய்யவே முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எஞ்சின் பழுதாகி அதே வகை எஞ்சினை மாற்றுவது வேறு கதை, அதற்கு முன் ஒப்புதல் வாங்கும் வழி இருக்கிறது. பெயின்ட் மாற்றினாலும் ஆர்.சி.யில் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள், பெரிய வேலை இல்லை.

பெயின்ட் என்றதும் ஒன்று. பவுடர் கோட்டிங் போடுபவர்கள் சேசிஸ் எண் மேலேயே தடிமனாக அடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனைக்குப் போகும்போது, எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க எழுத்தே தெரியாது. தெரியாத எண்ணை அழித்த எண்ணாக யாராவது நினைத்துவிட்டால், நேர்மையான வண்டிக்காரரும் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்து ஆர்.சி.யில் இல்லாத, ஆனால் விதிகளில் இருக்கிற பொருட்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123ஆம் விதி பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். மலைப்பாதையில் சேறு அப்பிக்கொள்ளும், பார்க்கவும் நன்றாக இல்லை என்று முதலில் கழற்றப்படுவதும் அதுதான். கழற்றாதீர்கள். 120ஆம் விதி சைலன்சர் பற்றியது, சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. குழாயை மேலே தூக்கி வைப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் குழாயாக்குவதுதான் சிக்கல். 190(2) பிரிவில் சத்தம், புகை இரண்டுக்கும் சேர்த்து முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று இருக்கிறது. புல்லட்டின் சத்தத்துக்காகவே புல்லட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கம்பெனி கொடுத்த சத்தமே போதும் என்பது என் கருத்து.

மிச்சம் இருப்பது பட்டன் டயர், அகல ஹேண்டில்பார், கீழ்த் தகடு. ஆர்.சி.யில் உள்ள எந்த விவரத்தையும் இவை தொடவில்லை, அடிப்படை அம்சமும் மாறவில்லை. டயர் மட்டும் கம்பெனி சொன்ன அதே அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும். இவற்றுக்காகச் சாலையில் யாராவது நிறுத்தி அபராதச் சீட்டு கொடுத்தால், கட்டிவிட்டு வருவதைவிட நீதிமன்றத்தில் 52ஆம் பிரிவின் அந்த விளக்கத்தைக் காட்டி எதிர்ப்பது மேல் என்பேன். ஏனென்றால் 182ஏ(4) பிரிவில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ஐயாயிரம் ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மெக்கானிக்கின் முழுப் பட்டியலையும் செய்துவிட்டு நின்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, இல்லையா? வண்டியை மாற்றுவதைவிட இது அவசரம். உரிமையாளர் இறந்தால், 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்திருந்தால்தான் வாரிசு அந்த வண்டியை மூன்று மாதம் தன் வண்டி போல ஓட்டலாம் என்று 56ஆம் விதி சொல்கிறது. அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான மோட்டார் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு: பாலிசிதாரர் இறந்தால் மூன்று மாதமோ பாலிசி முடியும் நாளோ, எது முந்துகிறதோ அதுவரைதான் அது செல்லும். உங்களுக்கு ஏழு மாதம். அதாவது இப்போது இன்சூரன்ஸ் பேப்பர் கையில் இருந்தாலும், அதை நம்பி நீங்கள் தெருமுனைக்குக்கூடப் போகக்கூடாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம், இவற்றோடு போய்த் தாமதக் கட்டணம் கட்டிப் பெயரை மாற்றுங்கள். பாலிசியை அப்புறம் உங்கள் பெயரில் எடுங்கள். எடுக்கும்போதே என்னென்ன பொருத்தப் போகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

தெரிவிக்காவிட்டால்? மூன்றாம் நபருக்கு அடிபட்டால் பொதுவாக இன்சூரன்ஸ் நிறுவனம் எளிதில் கை கழுவ முடியாது, 150ஆம் பிரிவில் அவர்கள் சொல்லக்கூடிய காரணங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம் அப்படியல்ல, மறைத்த விஷயம் என்று சொல்லி நிராகரிப்பார்கள். பாலிசி மீறல் இருந்தாலும் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வாதாட உதவும். ஆனால் பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி தாக்குப்பிடிக்கிறதா என்ற சோதனை) என்று நாலு பேர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் ஓட்டினால் பாலிசி கிடையாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

விண்டேஜ் நம்பர் விஷயத்தில் உங்கள் வண்டிக்கு வயது சரி. 2021-இல் வந்த 81ஏ முதலான விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியைக் கேட்கின்றன. கூடவே இன்னொன்றையும் கேட்கின்றன: மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ஃபிரேமில் ஒரு வெட்டு விழுந்தால் அந்தக் கதவு மூடிவிடும். ஏற்கனவே பதிவுள்ள வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், வாராவாரம் மலைக்குப் போக முடியாது. இரண்டில் ஒன்றை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இப்போது சாதாரணப் பதிவிலேயே விடுங்கள், ஃபிரேமைத் தொடாமல் வைத்திருந்தால் பத்து வருடம் கழித்தும் விண்டேஜுக்குப் போகலாம்.

கொல்லிமலை பற்றி ஒரு வார்த்தை. எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள அந்தச் சாலையில் யாரும் போகலாம். அதிலிருந்து காட்டுக்குள் பிரியும் பாதை காப்புக்காடாக இருந்தால், அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தில் குற்றம். பாதையில் டயர் தடம் ஏற்கனவே இருக்கிறது என்பது அனுமதி ஆகாது, வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். எஸ்டேட் என்றால் சொந்தக்காரரிடம் கேளுங்கள், வாய்மொழியாக இல்லாமல் ஒரு குறுஞ்செய்தியாவது இருக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லி மெக்கானிக் முன்பணம் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பேசுங்கள், வண்டியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். டயர், ஹேண்டில்பார், தகடு, வேண்டுமானால் சத்தம் கூடாத உயரச் சைலன்சர், இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய பாகங்கள் அத்தனையும் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.