திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாற எங்கிருந்து தொடங்குவது?

கட்டிங் டேபிளிலிருந்து. மறுசுழற்சி மெஷினும் சான்றிதழும் அப்புறம்தான்.

100 கிலோ துணி வெட்டினால் சாதாரணமாக 10 முதல் 15 கிலோ வேஸ்ட் விழும். முதலில் அதைக் குறையுங்கள். நிட்டிங்குக்கு நூல் கொடுக்கும் முன்பே மார்க்கர் (துணியில் பாகங்களை அடுக்கும் வரைபடம்) போட்டுப் பார்த்து, அதற்கேற்ற டயாவை (பின்னும் துணியின் அகலம்) சொல்லுங்கள். துணி வந்த பிறகு மார்க்கரைத் துணிக்குள் அடக்கப் பார்ப்பதால் வேஸ்ட் கூடுகிறது. மார்க்கரில் துணி பயன்படும் அளவு 1 சதவீதம் கூடினால் 1000 கிலோ ஆர்டரில் 10 கிலோ துணி மிச்சம். வேஸ்ட்டை எவ்வளவு நல்ல விலைக்கு விற்றாலும் அந்தப் பணம் வராது.

அடுத்தது பிரிப்பது. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அமுக்கினால் அது மிக்ஸ் வேஸ்ட். மெத்தைக்கும் துடைப்பதற்கும்தான் போகும். வெள்ளை, ஒவ்வொரு கலர், பாலி மிக்ஸ், பிரிண்ட் போட்டது என்று வெட்டும்போதே தனித்தனிச் சாக்கில் போடுங்கள். கலர்வாரியாகப் பிரித்த காட்டன் வேஸ்ட்டை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் அதே நிறத்து நூலாக்கலாம், மறுபடி சாயம் வேண்டாம். அடர் நிறத்துக்குச் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போகிறது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊருக்கு, அந்தத் தண்ணீரும் உப்பும் மிச்சமாவதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

லைக்ரா (இழுபடும் இழை) கலந்த ரிப்பை, அதாவது கழுத்துப் பட்டைத் துணியை, கட்டாயம் தனியாக வையுங்கள். துண்டுகளைப் பஞ்சாகப் பிரிக்கும் மெஷினின் முள் உருளையில் காட்டன் கிழிந்து இழையாகும். லைக்ரா கிழியாமல் இழுபட்டு, உருளையைச் சுற்றிக்கொள்ளும். அது சின்னச் சின்ன முடிச்சாகப் பஞ்சோடு போய் நூலை அறுக்கும். ஒரு சாக்கு வெள்ளையில் ஒரு பிடி ரிப் கலந்திருந்தாலும் மில்காரர் முழுச் சாக்கையும் மிக்ஸ் விலைக்குத்தான் எடுப்பார். கலந்த பிறகு கண்ணால் பார்த்துப் பிரிப்பது பெரும்பாடு. தரையில் கூட்டியதையும் சேர்க்காதீர்கள். உடைந்த ஊசியோ பின்னோ உருளையில் பட்டுப் பொறி பறந்தால் பஞ்சு தீப்பிடிக்கும்.

ஒவ்வொரு சாக்கிலும் துணிக் கலவை, கலர், ஆர்டர் எண், எடை எழுதிய சீட்டைக் கட்டுங்கள். ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) என்ற மறுசுழற்சிச் சான்றிதழ் கேட்கும் பையருக்கு, வேஸ்ட் எங்கிருந்து வந்தது என்ற அத்தாட்சி இந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஜிஆர்எஸ்ஸுக்கு மறுசுழற்சிப் பொருள் குறைந்தது 20 சதவீதம் வேண்டும். துணியில் லேபிள் போட 50 சதவீதம். ஆர்சிஎஸ் (ரீசைக்கிள்டு க்ளெய்ம் ஸ்டாண்டர்ட்) சான்றிதழுக்கு 5 சதவீதம் போதும். முதல் ஆர்டருக்கு அதுவே ஏற்றது.

ஒரு கலரில் உங்களிடம் சேரும் வேஸ்ட் ஒரு மில்லுக்குக் காணாது. பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து, எல்லோரும் ஒரே மாதிரி பிரித்து அனுப்புங்கள்.

திரும்பி வரும் நூலை எதில் போடுவது? கிழித்த பஞ்சின் இழை குட்டையானது. அதனால் 10 முதல் 20 கவுண்ட் வரைதான் நம்பலாம் (கவுண்ட் கூடக் கூட நூல் மெல்லியது). 30 கவுண்ட் சிங்கிள் ஜெர்சிக்கு (டி-ஷர்ட் துணி) ஆசைப்பட்டால் நிட்டிங்கில் ஓட்டை விழும். ஸ்வெட் ஷர்ட்டுக்கான த்ரீ த்ரெட் ஃப்ளீஸ் துணியின் உள்பக்க லூப் நூலாகப் போடுங்கள்: தடிமன் பொருந்தும், துணியின் முகத்திலும் தெரியாது. பலத்துக்குப் பாலியஸ்டர் சேர்ப்பதாக மில் சொன்னால், வேண்டிய பலம் வரும் அளவுக்குப் புதுக் காட்டன் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். பாலி கலந்த துணியின் வேஸ்ட் அடுத்த சுற்றில் காட்டன் சாக்கில் சேராது.