ரியாக்ட் மெதுவா, போன் மெதுவா?

கேள்வி: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்கு முன்பதிவுப் பக்கம் ஒன்று செய்கிறேன். வலைப்பக்கம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளான (ஃப்ரேம்வொர்க்) ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் மூன்றிலும் எழுதி, என் லேப்டாப்பில் டெவ் சேர்வரில், அதாவது எழுதும்போதே சோதித்துப் பார்க்கும் இடத்தில், ஓடவிட்டுப் பார்த்தேன். ரியாக்ட்தான் பின்தங்கியது. வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் அட்டவணைகளும் அப்படித்தான் சொல்கின்றன. எனக்குக் கைவந்தது ரியாக்ட். ஸ்வெல்ட்டுக்கு மாறட்டுமா?
வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: தம்பி, டெவ் சேர்வரில் எடுத்த கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். அங்கே ரியாக்ட் உங்கள் பிழைகளைப் பிடித்துச் சொல்வதற்காக மேலதிக வேலை நிறையச் செய்கிறது. ஸ்ட்ரிக்ட் மோட் என்ற கடும் சோதனை முறையைப் போட்டிருந்தால், பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் (கொம்போனென்ட்) இரண்டு தரம் ஓட்டும். புரொடக்‌ஷன் பில்ட், அதாவது பாவனையாளருக்குப் போகும் இறுதி வடிவம், எடுத்து அளந்தால்தான் அது கணக்கு.

பெஞ்ச்மார்க் சொல்வது பொய்யில்லை. பலரும் காட்டும் அந்த அட்டவணை, 1,000 நிரைகளை உருவாக்குவது, இரண்டை இடம் மாற்றுவது, ஒன்றை அழிப்பது போன்ற வேலைகளை அளக்கிறது. எதை எப்படித் திருத்துவது என்ற வேலையில் பெரும்பகுதியை ஸ்வெல்ட் பில்ட் நேரத்திலேயே முடித்துவிடும். ரியாக்ட் ஓடும்போது பக்கத்தின் அமைப்பைக் காட்டும் பழைய மரத்தையும் புதியதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும். ஆனால் உங்கள் பக்கத்தில் இருப்பது திகதி, ஆட்களின் எண்ணிக்கை, போன் இலக்கம். அங்கே இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு விலைப்பட்டியல் செய்து கொடுத்தேன். சுமார் 1,800 பொருள், மேலே ஒரு தேடல் பெட்டி. என் லேப்டாப்பில் பறந்தது. முதலாளி தன் பழைய அன்ட்ரொயிட் போனில் ‘ஆணி’ என்று தேடத் தொடங்கினார். ‘ஆ’ அழுத்தினார். பெட்டி வெறுமையாகவே இருந்தது. விரல் படவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து வந்து விழுந்தன. கடையில் சாமான் வாங்க வந்தவர் காத்துக்கொண்டு நின்றார். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. பிழை ரியாக்டில் இல்லை, என்னில். ஒவ்வொரு எழுத்துக்கும் 1,800 நிரையையும் மறுபடி வரைய விட்டிருந்தேன். திரையில் தெரிகிற 20 நிரையை மட்டும் வரையும்படி மாற்றினேன், அதே ரியாக்டில்தான். அப்புறம் எழுத்து விரலோடு சேர்ந்தே வந்தது.

உங்கள் பக்கத்துக்கு முக்கியம் முதல் திறப்பு. ரியாக்டும் அதைத் திரைக்குக் கொண்டுவரும் ரியாக்ட்-டொமும் சுருக்கிய பிறகும் 40 கிலோபைட்டுக்கு மேல். அதே பாணியில் எழுதக்கூடிய ப்ரியாக்ட் 4 கிலோபைட் அளவுதான். ஜாவாஸ்கிரிப்டை இறக்கினால் மட்டும் போதாது, போன் அதை வாசித்து ஓட்டவும் வேண்டும். மலிவான போனுக்கு அது பாரம். ஆனாலும் பவளப்பாறைப் படம் ஒன்றை 3 மெகாபைட்டில் அப்படியே போட்டுவிட்டு, ஃப்ரேம்வொர்க்கின் கிலோபைட்டை எண்ணுவதில் பயனில்லை. படத்தை வெப்பீ என்ற சிறிய கோப்பு வடிவுக்கு மாற்றி, திரையின் அகலத்துக்குச் சிறிதாக்குங்கள். கட்டணமும் புறப்படும் நேரமும் பக்கத்தோடு முதலில் வரும் எச்டிஎம்எல்லிலேயே வரட்டும், ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, எப்படி அளப்பது? படகுக்காரர் ஒருவரின் போனை வாங்கி யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்து, குரோம் உலாவியின் அளவீட்டுக் கருவியில் பாருங்கள். வீட்டு வைஃபையில் வேண்டாம், கரையில் நின்று மொபைல் டேட்டாவில். பிரதான உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிசெக்கனுக்குள் திரை அசைய வேண்டும். கூகுள் ‘நல்லது’ என்று வைத்திருக்கும் எல்லைகள் இவை. இவற்றுக்குள் வந்தால் ரியாக்டிலேயே இருங்கள். வராவிட்டால், படங்களைச் சரிசெய்த பிறகு ப்ரியாக்டை முயன்று பாருங்கள். ஸ்வெல்ட்டை ஆற அமரப் படியுங்கள், நல்ல கருவி அது. சீசன் நெருங்கும்போது தெரியாத கருவியில் எழுதப் போய், முன்பதிவில் பிழை விட்டால் நட்டம் படகுக்காரருக்குத்தான்.

கேள்வி: கம்பஸில் ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான ஆங்குலரைப் படிக்கிறோம். அது மெதுவானது என்கிறார்களே?
மாணவி, கிண்ணியா

பதில்: அந்தப் பேச்சில் பாதி 2010இல் வந்த பழைய ஆங்குலரான ஆங்குலர்ஜேஎஸ்ஸைப் பற்றியது. ஒரு சிறு மாற்றம் வந்தாலும் அது கவனிக்கும் எல்லா மதிப்புகளையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும். 2016இல் ஆங்குலர் என்ற பெயரில் வந்தது புதிதாக எழுதப்பட்ட வேறொன்று. இப்போது அதில், மாறிய இடத்தை மட்டும் திருத்த உதவும் சிக்னல்களும் உண்டு. பயப்படாமல் படியுங்கள்.