வீட்டில் ஆறேழு பேர் சேர்ந்தால் வைஃபை தவழ்கிறது. இன்னும் பெரிய பேக்கேஜ் எடுத்தால் சரியாகுமா?

அவசரப்பட்டுப் பேக்கேஜை மாற்றாதீர்கள். நெரிசல் பெரும்பாலும் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளில் இருக்காது. ரூட்டருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் காற்றில்தான் இருக்கும்.

கோலாலம்பூர் செந்தூலில் என் பெரியம்மா வீட்டிலும் இதே தொல்லை. 300 எம்பிபிஎஸ் இணைப்பு, ரூட்டர் ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில். தீபாவளிக்குப் போயிருந்தபோது ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். போன்கள் எல்லாம் ரூட்டரோடு 120 எம்பிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தன. வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கும் கேமரா மட்டும் 6. நடுவில் இரண்டு சுவர். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்ததால், பாதிப் போன்கள் கேமரா இருந்த 2.4இலேயே ஒட்டிக்கொண்டிருந்தன.

சரி, கேமரா மெதுவாக ஓடினால் அதற்குத்தானே நஷ்டம்? இல்லை. ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பழைய வைஃபை எல்லாருக்கும் சமமாக முறை கொடுக்கும், சமமாக நேரம் கொடுக்காது. ஒரு முறைக்கு அனுப்பும் பாக்கெட் 1500 பைட் என்றால், அது 12,000 பிட். போன் அதை 100 மைக்ரோ விநாடியில் அனுப்பிவிடும். கேமராவுக்கு 2000 வேண்டும். மாமாக் கடைக் கவுண்டரில் ஒருவர் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தால், பின்னால் பத்து ரிங்கிட் தாளோடு நிற்பவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேமராவில் நல்லவேளையாகக் கேபிள் செருகும் துளை இருந்தது. வயர் இழுத்தோம். அன்று மாலையே அக்கா மகனின் ஆன்லைன் டியூஷன் நிற்காமல் ஓடியது.

போன் டவர்கள் இதை அழகாகச் சமாளிக்கின்றன. 4ஜியில் 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை யாருக்கு அனுப்புவது என்று டவர் முடிவெடுக்கும். ஒவ்வொரு போனும் தன் சிக்னல் தரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இப்போது கிடைக்கக்கூடிய வேகத்தை, அந்தப் போனுக்கு இதுவரை கிடைத்த சராசரியால் வகுத்து, விகிதம் அதிகமுள்ளவருக்கு முறை கொடுப்பது பரவலான வழக்கம். தூரத்தில் இருப்பவர் பட்டினி கிடக்கமாட்டார், பக்கத்தில் இருப்பவரின் வேகமும் வீணாகாது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

வைஃபையின் புதிய தலைமுறைகளில் ஒன்றான வைஃபை 6இல் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலைத் துண்டு போட்டு ஒரே நேரத்தில் 9 கருவிகள் வரை பேசலாம். ஆனால் கருவியும் வைஃபை 6ஆக இருக்க வேண்டும். பழைய கேமராவுக்கு இதில் பலனில்லை.

ஆகவே முதலில் போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்புறம் ரூட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சில ரூட்டர்களில் ‘ஏர்டைம் ஃபேர்னெஸ்’ என்று, எல்லாருக்கும் சமமாக நேரம் கொடுக்கும் ஒரு செட்டிங் இருக்கும். அது பெரும்பாலும் ரூட்டர் அனுப்புவதைத்தான் பங்கு பிரிக்கும். கேமரா ரூட்டருக்கு அனுப்புவதை அவ்வளவாக அடக்காது. அதற்கு வயர்தான்.