போகும்போது புழுக்கம், வரும்போது சூறைக்காற்று

செம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஞாயிறு மதியம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறி எலிஃபண்டா குகைத் தீவுக்குப் போனோம். போகும்போது மேல்தளத்தில்கூடக் காற்றில்லை, டீசல் புகை வேறு. சாயங்காலம் திரும்பும்போது அம்மாவால் புடவைத் தலைப்பைப் பிடித்து வைக்க முடியவில்லை. அதற்குள் காற்று அவ்வளவு மாறுமா? அடுத்த முறை என்ன செய்யலாம்?"

காற்று பெரிதாக மாறியிருக்காது. மாறியது படகு போன திசை.

எலிஃபண்டா கேட்வேக்குக் கிழக்கே, சற்று வடக்கு தள்ளி இருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடக்கிறது படகு. மும்பையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும். அதை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது அது உங்கள் முதுகுப் பக்கம். 15-இல் 10 போனால் 5, நிதானமாக நடக்கிற வேகம்தான். புகையும் படகை விட்டு விலகாமல் கூடவே வரும். திரும்பும்போது 15-உம் 10-உம் சேர்ந்து 25. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் 5 மடங்கு என்றால் தள்ளுகிற விசை 25 மடங்கு. அம்மா மேல் தப்பில்லை!

காற்றே அசையாத மே மாதத்திலும் லோக்கல் ரயில் கதவோரம் நின்றால் முகத்தில் அறைகிறதே, அதைப் போலத்தான் இதில் படகின் பங்கு.

காற்று பக்கவாட்டில் வந்தால் வெறும் கூட்டல் கழித்தல் போதாது. வடக்கிலிருந்து 10 வேகத்தில் காற்று, படகு கிழக்கே 10 வேகத்தில் என்றால், முகத்தில் படுவது வடகிழக்கிலிருந்து 14. அதனால் ஓடுகிற படகின் கொடியை நம்பாதீர்கள். நங்கூரமிட்டு நிற்கும் படகின் கொடிதான் உண்மையான காற்றுத் திசையைக் காட்டும். பாய்மரப் படகு ஓட்டப் புதிதாகக் கற்பவர்களும் இங்கேதான் ஏமாறுவார்கள். காற்றோடு போகும்போது "காற்று விழுந்துவிட்டது" என்று நினைத்து, படகைத் திருப்பியதும் திணறுவார்கள்.

சரி, அடுத்த முறை காலையிலேயே முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். கடற்காற்று வலுப்பதற்குள் திரும்பிவிடலாம். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள். மதியம்தான் முடியும் என்றால், போகும்போது மேல்தளத்தில் புகைபோக்கியிலிருந்து தள்ளி உட்காருங்கள். வரும்போது அம்மாவைக் கீழ்த்தளத்தில் பின்வரிசையில் உட்கார வையுங்கள், தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லிவிட்டு.