ஜப்பான் கேம் செட்டுக்கு நம்ம ஊர் கரண்ட்: அடாப்டர் கேள்வி பதில்

கப்பலுக்குப் போனவங்களும் கல்ஃபுல இருந்து வந்தவங்களும் கொண்டாந்த பழைய கேம் செட்டுகள் நம்ம மாவட்டத்துல நிறைய வீட்டுப் பரண்ல கிடக்கு. தக்கலையில வருஷக்கணக்கா ரிப்பேர் வேலை பார்க்கிறேன். என்கிட்ட "செத்துப்போச்சு"ன்னு வர்ற செட்டுல பாதிக்கு மேல அடாப்டர் கோளாறுதான். வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா சொல்றேன்.

குளச்சல் தம்பி: அண்ணே, மாமா ஜப்பான்ல இருந்து நின்டெண்டோ கம்பெனியோட சூப்பர் ஃபேமிகாம் கேம் செட்டு கொண்டாந்தாரு. அடாப்டர்ல தட்டைப் பின். கடையில ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி சொருகினேன். ரெண்டு நிமிஷத்துல கருகின வாடை, அப்புறம் ஒண்ணுமே இல்ல. செட்டு போயிடுச்சா?

தம்பி, அந்தக் கன்வெர்ட்டர் பின் ஓட்டையோட வடிவத்தைத்தான் மாத்தும், கரண்டைக் குறைக்காது. ஜப்பான்ல வீட்டுக்கு வர்றது 100 வோல்ட், நமக்கு 230. நூறுக்குன்னு சுத்தின டிரான்ஸ்ஃபார்மர் இருநூத்து முப்பதைத் தாங்காது, காயில் வெந்துடும். போனது அடாப்டர்தான். செட்டுக்கு ஒண்ணும் ஆகாம இருக்க வாய்ப்பு அதிகம், மனசு விட்றாத.

இனி அந்தப் பழைய அடாப்டரைத் தூக்கிப் போடாம, அதோட முதுகைப் படி. ஹெச்விசி-002ன்னு இருக்கும். அவுட்புட் டிசி (ஒரே திசையில ஓடுற கரண்ட்) 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். பக்கத்துல ஒரு சின்னப் படம்: நடுவுல கரும்புள்ளி, அதைச் சுத்தி பிறை மாதிரி வளையம். புள்ளியில இருந்து கிளம்புற கோடு கழித்தல் குறியில முடியும். அதாவது பின்னோட உள்பக்கம் நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ். நம்ம ஊர்ல கிடைக்கிற அடாப்டர் பெரும்பாலும் இதுக்கு நேர் எதிர்.

அப்ப எங்க தேடுறது? கோயில், சர்ச் கொயர்ல வாசிக்கிற கீபோர்டைப் பாரு. கேசியோவோட பழைய ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடு நெகட்டிவ். பின் அளவும் சரியா உட்காரும். ஒன்பது வோல்ட்டு இந்த செட்டுக்குத் தாராளம். கேசியோன்னு பேரை மட்டும் பார்த்து வாங்கிடாத, புது மாடல்ல குறி மாறி வரும். கிடார் பெடலுக்கு விக்கிற 9 வோல்ட் அடாப்டரும் நடு நெகட்டிவ்தான். ஆனா 850க்குக் குறைஞ்சதை எடுக்காத.

வடசேரியில இருந்து ஒருத்தர்: சார், பழைய செட் டாப் பாக்ஸ் அடாப்டர் சூப்பர் ஃபேமிகாம்ல கச்சிதமா சேருது. 12 வோல்ட்தானே, ரெண்டு வோல்ட் கூடினா என்ன?

தயவுசெஞ்சு போடாதீங்க. முதல் காரணம், அது நடு பாசிட்டிவ். தலைகீழாப் போகும். பவர் ஜாக் பக்கத்துல எஃப்1னு ஒரு ஃபியூஸ் இருக்கு, அது போறதோட நின்னா அதிர்ஷ்டம். மாத்திக்கலாம்.

பின்னை வெட்டி வயரைத் திருப்பினாலும் ரெண்டாவது காரணம் நிக்கும். உள்ளே 7805ங்கிற மூணு கால் ரெகுலேட்டர், வர்றது எவ்வளவா இருந்தாலும் அஞ்சு வோல்ட் ஆக்கி அனுப்பும். மிச்சத்தைச் சூடாத்தான் வெளியே தள்ளும். செட்டு 850 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. ஒன்பது வோல்ட்ல சூடு சுமார் 3.4 வாட். பன்னிரண்டுல 6 வாட்டுக்குக் கிட்ட. மே மாச வெக்கையில மூடின பெட்டிக்குள்ள இந்த வித்தியாசம் சின்னது இல்ல. முப்பது வருஷத்துக் கெப்பாசிட்டர்கள் பக்கத்துலயே நிக்குது.

மார்த்தாண்டம் மாணவர்: 850 மில்லி ஆம்பியர் கேட்குது, கையில 2 ஆம்பியர் இருக்கு. எரியுமா?

எரியாது. வோல்ட் அடாப்டர் தள்ளுறது, ஆம்பியர் செட்டு இழுக்கிறது. கூட இருக்கலாம், குறையக் கூடாது.

அதே மாணவர்: 9 வோல்ட்னு எழுதின பழைய அடாப்டர் மீட்டர்ல 13 காட்டுதே?

கனமான, டிரான்ஸ்ஃபார்மர் வச்ச அடாப்டர் சுமை இல்லாம அப்படித்தான் காட்டும். செட்டை மாட்டி ஓடவிட்டா இறங்கும். லேசான புது வகை அப்படிக் காட்டினா அது கெட்டது.

தக்கலை அக்கா: தம்பி, என் வீட்டுக்காரர் செகா கம்பெனியோட மெகா டிரைவ் செட்டு ரெண்டு வச்சிருந்தாரு, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ஒரே அடாப்டர் போதுமா?

போதாது அக்கா. பெருசு, அதாவது முதல் மாடல், நடு நெகட்டிவ். சிறுசு நடு பாசிட்டிவ், பின்னும் ஒல்லி. ஒரே கம்பெனி, ஒரே பேர், ஆனா நேர் எதிர். ரெண்டு அடாப்டர் வாங்கி, நெயில் பாலிஷ்ல ரெண்டு நிறப் புள்ளி வைங்க. செட்டு மேலயும் அதே நிறம்.

திங்கள்சந்தையில இருந்து: அமெரிக்காவுல இருந்து வந்த நின்டெண்டோ என்இஎஸ் செட்டு. அடாப்டர்ல அவுட்புட் ஏசி 9 வோல்ட்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?

பிழை இல்ல. அந்த செட்டு ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்டை, வாங்கி உள்ளே இருக்கிற பிரிட்ஜ் ரெக்டிஃபையர்ல தானே டிசி ஆக்கிக்கும். அதனால ஒன்பது வோல்ட் டிசி கொடுத்தாலும் ஓடும், குறி எப்படி இருந்தாலும் கவலையில்ல. ஆம்பியர் 1.3க்குக் குறையாம பாருங்க. ஆனா அந்த ஏசி அடாப்டரைக் கொண்டுபோய் ஃபேமிகாம்ல சொருகினா முடிஞ்சது கதை. வீட்டுல ரெண்டும் இருந்தா வேற வேற டப்பாவுல வைங்க.

நாகர்கோவில்ல இருந்து: ஜப்பான் ட்ரீம்காஸ்ட், நின்டெண்டோ 64 ரெண்டும் இருக்கு. அப்பா சவுதியில இருந்து கொண்டாந்த, வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

ட்ரீம்காஸ்ட்டுக்குப் பவர் சப்ளை உள்ளேயே இருக்கு, நேரா நம்ம சாக்கெட்ல போட்டா அது எரிஞ்சுடும். ஸ்டெப் டவுன் வேணும். உங்க அப்பா கொண்டாந்தது 220ஐ 110 ஆக்குற வகையா இருந்தா, நம்ம 230க்கு 115 வரும். அமெரிக்க செட்டுக்கு நல்லது. ஜப்பான் செட்டுக்கு நூறு தர்றது தனியா வாங்குங்க, செட்டோட அடியில எழுதின வாட்டுக்கு ரெண்டு மடங்கு பார்த்து. பயணத்துக்குன்னு விக்கிற கையளவு எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் வேண்டாம், அது ஹேர் டிரையருக்கு.

நின்டெண்டோ 64க்கு இந்தத் தொல்லை இல்ல. பின்பக்கம் கழட்டுற பவர் சப்ளையில 3.3, 12னு ரெண்டு வோல்ட் வருது, வெளி அடாப்டர் எதுவும் ஒத்துவராது. ஐரோப்பிய செட்டோட சப்ளை அதே துளையில உட்காரும், 230ல ஓடும். அதைத் தேடி வாங்குங்க.

முட்டத்துல இருந்து ஒரு பிள்ளை: சரியான அடாப்டர்தான் அண்ணே. வயரைத் தொட்டா செட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது.

மக்கா, உப்புக் காத்து. ஜாக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, பச்சையாப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத, மேல்பூச்சு போனா இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுல நனைச்சுக் குச்சியில சுத்தி உள்ளே திருகு, காயவிடு. அப்பவும் ஆடினா போர்டுல ஜாக்கோட ஈயம் விரிசல் விட்டிருக்கும், சுத்தி மெல்லிசா ஒரு கரு வட்டம் தெரியும். எடுத்துட்டு வா, புது ஈயம் வச்சுத் தர்றேன். அடாப்டரையும் கூடவே கொண்டு வா.