கான்ரெயிலின் நீலம்

வணக்கம் சார்,

பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பேஸ்மென்ட் முழுக்க மாடல் ரயில்கள். எல்லா இன்ஜினும் நீலம், எல்லாவற்றிலும் கான்ரெயில் என்ற பெயர். விசாரித்தால், அது 1999-லேயே இல்லாமல் போன ஒரு சரக்கு ரயில் கம்பெனி என்கிறார். ஊட்டி ரயில் மேல் பாசம் என்றால் எனக்குப் புரிகிறது. நிலக்கரியும் கன்டெய்னரும் இழுத்த கம்பெனி மேல் என்ன பாசம்? அவர் அதில் ஒருநாள்கூடப் பயணம் செய்ததில்லை. கடைசியில் இதுவும் ஒரு பிராண்ட் மோகம்தானே?

க., பிட்ஸ்பர்க்

*

அன்புள்ள க.,

பிராண்ட் மோகம் என்றால் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். கான்ரெயில் 1976 ஏப்ரல் 1 அன்று ஓடத் தொடங்கியபோது, ரயில் ரசிகர்களில் பலருக்கு அதைக் கண்டாலே ஆகாது. திவாலான ஆறு கம்பெனிகளைச் சேர்த்து அரசு உருவாக்கிய நிறுவனம் அது: பென் சென்ட்ரல், ஈரி லக்கவானா, ரெடிங், லீஹை வேலி, ஜெர்சி சென்ட்ரல், லீஹை அண்ட் ஹட்சன் ரிவர். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி ஊர்கள், தனி ரசிகர்கள். அத்தனையையும் ஒரே நீலம் மூடிக்கொண்டு வந்தது. பெயின்ட் அடிக்க நேரமில்லாத இன்ஜின்களில் பழைய பெயரை மட்டும் அழித்துவிட்டு 'சி.ஆர்.' என்று எழுதி ஓட்டினார்கள். ஈரி லக்கவானாவை நேசித்தவருக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்?

பிறகு எப்படி இந்தப் பாசம் வந்தது? அதற்கு முன்பிருந்த நிலைமை தெரிந்தால்தான் இது விளங்கும். ஜென்மப் போட்டியாளர்களான பென்சில்வேனியா ரெயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் 1968-ல் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. 1970 ஜூனில் அது திவால். அமெரிக்கா அதுவரை பார்த்ததிலேயே பெரிய திவால் அது. நெடுஞ்சாலைகளில் லாரிகள் பெருகிவிட்டன, பயணிகள் ரயில்கள் நஷ்டத்தில் ஓடின, சரக்குக் கட்டணத்தை மாற்ற அரசின் அனுமதி வேண்டியிருந்தது. பராமரிக்கப் பணம் இல்லாமல் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் உளுத்துப்போயின. நின்றுகொண்டிருந்த வண்டிகளே தடம் புரண்டன. ஓடும்போது அல்ல, சும்மா நிற்கும்போது.

கான்ரெயிலுக்குக் கைக்கு வந்தது அந்தப் பாதைதான். சுமார் 700 கோடி டாலர் அரசுப் பணம் அதில் இறங்கியது. 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அமெரிக்காவின் சதர்ன் ரெயில்வேயை (நம்மூர் தெற்கு ரயில்வே அல்ல) நடத்திய ஸ்டான்லி கிரேன் 1981-ல் தலைமைக்கு வந்தார். 1983 தொடங்கும்போது புறநகர்ப் பயணிகள் ரயில்கள் வேறு கைகளுக்குப் போய்விட்டன, கான்ரெயில் முழுக்க சரக்குக் கம்பெனி ஆனது. 1987-ல் அரசு தன் பங்குகளை விற்றபோது, அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு அதுதான்.

இதற்கு விலையும் உண்டு. ஆயிரக்கணக்கான மைல் பாதைகள் மூடப்பட்டன, பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. பென்சில்வேனியாவில் தண்டவாளம் பிடுங்கப்பட்ட ஊர்க்காரரிடம் போய் நீல இன்ஜினைப் புகழ்ந்தால் அவர் முகம் மாறும். அந்தக் கோபமும் நியாயமானதே. நான் அறிந்த நல்ல ரசிகர்கள் இதை மறைப்பதில்லை. மூடப்பட்ட கிளைப்பாதைகளின் பட்டியலையும் இன்ஜின் எண்களோடு சேர்த்தே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் நண்பரின் வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எண்பதுகளில் சிறுவனாக இருந்தவர் என்று ஊகிக்கிறேன். அவர் பார்த்தது உளுத்துப்போன ரயிலை அல்ல, தேறி எழுந்து சுறுசுறுப்பாக வேலை செய்த ரயிலை. அதைப் பார்க்க பென்சில்வேனியாவில் அல்டூனா ஊருக்கு அருகிலுள்ள ஹார்ஸ்ஷூ கர்வ் போல ஓர் இடம் கிடையாது. 1854-ல் திறந்த வளைவு. அலெகனி மலையை நேராக ஏற முடியாததால் பாதை பள்ளத்தாக்கைச் சுற்றி 220 பாகை திரும்புகிறது. வண்டியின் தலையும் வாலும் எதிரெதிர்ச் சரிவுகளில் தெரியும். மேற்கே ஏறும் கனமான வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ள அல்டூனாவில் கூடுதல் இன்ஜின்கள் சேரும். நம்மூரில் பேங்கர் என்பார்களே, அதேதான். முன்னால் போகும் இன்ஜின்களின் சத்தம் மெல்லத் தேய்ந்து, நீளமாகப் பெட்டிகள் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு கடந்து, இனி ஒன்றுமில்லை என்று நினைக்கும்போது பின்னால் தள்ளுகிற இரண்டு எஸ்.டி.40-2 ரக இன்ஜின்கள் முழு விசையில் உறுமிக்கொண்டு வரும். நான் போனபோது நீல நிறத்தின் காலம் முடிந்திருந்தது. ஆனாலும் அந்த உறுமலில் காலடி மண் அதிர்ந்ததை உணர்ந்தேன். பத்து வயதில் இதைக் கேட்ட ஒருவருக்கு வேறு சங்கீதம் எதற்கு?

கான்ரெயிலின் கடைசிக் காலத்தில் எஸ்.டி.80மேக் இன்ஜின்கள் வந்தன. மொத்தம் 30. ஒவ்வொன்றும் 5000 குதிரைத்திறன், 20 சிலிண்டர். நம்மூர்ச் சரக்கு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.டி.ஜி.-4 இன்ஜினில் இருப்பதும் இதே 710 என்ற டீசல் எந்திரக் குடும்பம்தான், 16 சிலிண்டரில். அடுத்த முறை ஊருக்கு வரும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

சரி, இவ்வளவு நன்றாக ஓடியது ஏன் இல்லாமல் போனது? நன்றாக ஓடியதால்தான். 1996-ல் சி.எஸ்.எக்ஸ். என்ற ரயில் கம்பெனி வாங்க வந்தது, நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு ரயில் கம்பெனி போட்டிக்கு வந்தது. கடைசியில் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள், நார்ஃபோக் சதர்னுக்கு 58 சதவீதம், சி.எஸ்.எக்ஸுக்கு 42 என்று. 1999 ஜூன் 1-ல் பிரிவினை. அந்தக் கோடையில் இரண்டு கம்பெனிகளிலும் வண்டிகள் தேங்கி நெரிசல் ஆனது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. தோற்றுப்போய் மறைந்ததற்காக ஒருவர் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நன்றாக நடந்துகொண்டிருந்ததைப் பிரித்தெடுத்ததை அப்படி ஏற்கமுடிவதில்லை. உங்கள் நண்பரின் பேஸ்மென்ட்டில் இருப்பது இந்த வருத்தமும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பழைய கதையே திரும்ப நடந்தது. நீல இன்ஜின்களில் பெயரை மட்டும் மறைத்து 'என்.எஸ்.' என்று எழுதி ஓட்டினார்கள். அந்த ஒட்டுப்போட்ட நீலத்தைப் படம் எடுக்க ரசிகர்கள் மாநிலம் விட்டு மாநிலம் காரோட்டிக்கொண்டு போனார்கள். 2012-ல் நார்ஃபோக் சதர்ன் தன் முன்னோர் கம்பெனிகளின் நிறங்களில் 20 இன்ஜின்களுக்குப் பெயின்ட் அடித்தது. கான்ரெயில் நீலத்தில் வந்தது 8098. பென் சென்ட்ரலின் கறுப்பும் அதில் இருந்தது! அத்தனை பேரும் சபித்த பென் சென்ட்ரலுக்கும் ரசிகர்கள் உண்டு, அதுதான் அவர்கள் சிறுவயதில் வீட்டருகே ஓடிய ரயில். 2023-ல் சி.எஸ்.எக்ஸ். தன் பங்குக்கு ஒரு நீல இன்ஜினை இறக்கி, அதற்கு 1976 என்று எண் கொடுத்தது.

பிட்ஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் போகும் பென்சில்வேனியன் ரயில் இந்த வளைவின் வழியாகத்தான் போகிறது. அல்டூனாவில் இறங்கலாம். நண்பரையும் அழைத்துப் போங்கள். எந்த இன்ஜின் என்று அவர் சத்தத்தை வைத்தே சொல்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.